ஒன்பதாம் மாடிக்குப் போன சட்டி

நவம்பர் 6

குலசிங்கம் மாஸ்டர் இந்தக் கொப்பியைத் தந்து, "தங்கச்சி, அந்தக் குடும்பத்துக்கு நீர் செய்யிறதையெல்லாம் திகதி போட்டு எழுதி வையும். வருசக் கடைசியில அறிக்கைக்கு உதவும். சொந்தக் கதை ஒண்டும் வேண்டாம்" என்றார். சரி, எழுதமாட்டேன்.

என் பெயர் தவமலர். ஸ்காபரோவில் நாலாம் மாடியில் என் மனுசன் சபாநாதனோடு இருக்கிறேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற சமையற்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மகன் பிரசன்னா வன்கூவரில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான், நேரமிருந்தால். இது சொந்தக் கதை இல்லை, அறிமுகம்.

விஷயம் இதுதான். பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாமல் மோல் கடைத்தொகுதிக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிற ஐந்து பேர் நாங்கள். ஒருநாள் கோப்பிக் கடையில் மாஸ்டர் மேசையில் தட்டி, "எங்களையும் ஒரு காலம் ஆரோ கூப்பிட்டுத்தானே எடுத்தவை? நாங்களும் ஒரு அகதிக் குடும்பத்தை எடுத்தாலென்ன?" என்றார். எல்லாரும் ஓம் என்றோம். கோப்பி குடிக்கிற நேரத்தில் யார்தான் இல்லையென்பது? பிறகு பத்திரம் பத்திரமாக நிரப்பி, நாளைக்கு சிரியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. தகப்பன் மர்வான், தாய் ஹனான், ரீம் என்று ஒரு சின்னப் பிள்ளை. எங்கள் கட்டடத்திலேயே ஒன்பதாம் மாடியில் வீடு பார்த்திருக்கிறோம்.

ஒரு வருசம் அவர்கள் எங்கள் பொறுப்பு. அடுத்த நவம்பரில் தங்கள் காலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மர்வானின் மச்சான் ஒருவர் எட்மன்டனில் இருக்கிறாராம், அங்கே போய்விடுவார்களாம். போனால் போகட்டும். ஆனால் எட்மன்டனில் மூச்சு விட்டால் மூக்கு உறையும் என்று சொல்கிறார்கள்.

நவம்பர் 7

விமான நிலையத்துக்கு ஐந்து பேரும் போனோம். மாஸ்டர் ஆறு பக்கத்துக்கு இங்கிலிசில் வரவேற்புரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் ஹனான் நின்றபடியே நித்திரை. மர்வான் மரியாதைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். நான்தான் மாஸ்டரின் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மடித்து அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தேன்.

நவம்பர் 10

வேலை பிரித்தாயிற்று. பத்திரங்கள், பள்ளிக்கூடம் எல்லாம் மாஸ்டர். சமையல், கடை, அன்றாட இங்கிலிசுப் பேச்சுப் பழக்கம் நான். ஹனானுக்கு இங்கிலிசு வகுப்புக்கு ஜனவரியில்தான் இடமாம். அதுவரை என்னோடு பேசிப் பழகட்டுமாம்.

என் இங்கிலிசு சமையற்கூடத்து இங்கிலிசு. 'ஹரி அப்', 'லிட் குளோஸ்', என் பிழையில்லை என்பதற்கு 'நோட் மை ஃபோல்ட்'. இவ்வளவும் வைத்துத்தான் ஒரு வீடு கட்டினேன். அவளுக்கும் போதும்.

நவம்பர் 14

ஹலால் கடையில் ஆட்டிறைச்சி வாங்கி, கறி காய்ச்சி, என் பெரிய சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. மர்வான் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். எவ்வளவு நன்றியுள்ள சனம் என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டுவிட்டு வந்தேன்.

கீழே வந்து சொன்னேன். இவர் பேப்பரை விலக்காமலே, "உறைப்பப்பா அது" என்றார்.

நவம்பர் 16

சட்டி திரும்பி வந்தது. திராட்சை இலைக்குள் சோற்றைச் சுருட்டி அடுக்கி, மேலே எலுமிச்சைத் துண்டு. ஹனான் சைகையில் சொன்னதை வைத்துப் பார்த்தால், அவர்கள் ஊரிலும் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்களாம். நாங்களும் அப்படித்தான். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம்.

நான் வெறுஞ்சட்டி அனுப்பிய ஒரே ஆள் என் அக்கா. அவளுக்குக் கழுவாமலே அனுப்புவேன். வேலிக்கு மேலால் நின்று திட்டுவாள். அக்கா தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது செத்துப்போனவள். அது சொந்தக் கதை.

ஆக, சட்டி மறுபடியும் மேலே போக வேண்டும். நாளைக்கு புட்டு. இவர் இலைச் சுருட்டில் பாதிக்கு மேல் முடித்துவிட்டார்.

டிசம்பர் 20

இந்த மாதத்தில் சட்டி மேலே போனது: புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பம், கொழுக்கட்டை. கீழே வந்தது: கவிழ்த்துக் கொட்டுகிற ஒரு சோறு, பயறுச் சூப், பாகில் ஊறிய ஒரு பலகாரம், பாகில் ஊறிய இன்னொரு பலகாரம். லிப்டில் ஆறாம் மாடிச் சீனக் கிழவர் சட்டியை மோந்து பார்த்து, மேலேயா கீழேயா என்று கேட்கிறார்.

ஹனான் ஒவ்வொரு நாளும் காலையில் வந்துவிடுகிறாள். நன்றாகப் பழகுகிறோம். இங்கிலிசு முன்னேறுகிறது.

ஜனவரி 9

எங்கள் குசினியில் ஹனான் என் கறித்தூளை மோந்து பார்த்துவிட்டு, "இது வறுத்தது காணாது" என்றாள். உண்மைதான், காணாது. திரும்ப வறுத்தோம்.

ஜனவரி 10

நேற்று எழுதியதை இன்று வாசித்தபோதுதான் உறைத்தது. அவள் தமிழில் அல்லவா சொன்னாள்?

ஒன்றும் பரவாயில்லை. ஒரு வசனம்தானே. மாஸ்டருக்குச் சொல்லத் தேவையில்லை.

பெப்ரவரி 27

மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

இங்கிலிசு வகுப்பு ரீச்சர் போன் எடுத்தாவாம். ஹனானிடம் "ஹவ் ஆர் யூ" என்று கேட்டால், "ஏதோ இருக்கிறம்" என்கிறாளாம். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டதற்கு, "பொறுங்கோவன், என்ன அவசரம்" என்றாளாம். அரபு தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர்களுக்கும் விளங்கவில்லையாம். கடைசியில் பக்கத்து வகுப்பிலிருந்த ஒரு தமிழ்ப் பெடிச்சி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாளாம்.

கோப்பிக் கடையில் அவசரக் கூட்டம். "தங்கச்சி, கனடாவுக்கு வந்த ஒரு சிரியாப் பிள்ளைக்கு நீர் யாழ்ப்பாணத் தமிழ் படிப்பிச்சிருக்கிறீர்!" என்று மாஸ்டர் கத்தினார். பக்கத்து மேசைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வேண்டுமென்றா செய்தேன்? காலையில் இங்கிலிசில்தான் தொடங்குவேன். வெங்காயம் உரிக்கத் தொடங்கியதும் தமிழாகிவிடும். கையில் கத்தி இருக்கும்போது மற்றப் பாசை எப்படி வரும்?

வீட்டுக்கு வந்து இவரிடம் நியாயம் கேட்டேன். "உமக்குக் கதைக்க ஒரு ஆள் கிடைச்சுது. விடும்" என்றார். மனுசன் வருசத்தில் ஒருமுறைதான் வாய் திறக்கும், அதுவும் இப்படித்தான்.

மார்ச் 4

கமிட்டித் தீர்மானம்: ஹனானுக்கு நூலகத்தில் டொரதி என்ற ஒரு வெள்ளைக்கார அம்மா இங்கிலிசு சொல்லிக் கொடுப்பா. நான் அவளோடு தமிழ் கதைக்கக் கூடாது. இந்தப் போக்கில் நவம்பருக்குள் வேலை எடுக்கமாட்டாள், குடும்பம் எட்மன்டனுக்குத்தான் போகும், அது என் பிழை என்று மாஸ்டர் அறிக்கையில் எழுதுவாராம்.

நானும் யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. நான் விளையாட முடியாது.

மார்ச் 12

இன்று ஹனான் வந்தாள். சேர்ந்து பருப்பு வைத்தோம்.

உப்புப் போத்தலைக் காட்டி, "சோல்ட்" என்றேன்.

"தேங்க் யூ" என்றாள்.

"என்னக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டாள். "நோ தமிழ். கமிட்டி" என்றேன். அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விட்டாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 21

இப்போது அவள் காலையில் வருவதில்லை. நூலகம். சட்டி மட்டும் வந்து போகிறது.

மே 30

இவருடைய சீனி வருத்தத்துக்கு டொக்டரிடம் போனோம். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "வீட்டில் கல்யாணம் ஏதாவது நடக்கிறதா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பாகில் ஊறிய பலகாரம் முழுவதையும் நானே ஊட்டிவிட்டதுபோல!

யோசித்துப் பார்த்தால் அந்தப் பக்கமும் கஷ்டம்தான். மர்வானுக்குக் கிழமையில் மூன்று நாள்தான் பழக்களஞ்சியத்தில் வேலை. அந்தக் குடும்பம் இந்தச் சட்டியை நிரப்பவே பாதிச் சாமான் வாங்குகிறதுபோல இருக்கிறது. நான் அனுப்ப அனுப்ப அவளும் விடமாட்டாள். ஆராவது ஒருவர் நிறுத்த வேண்டும். மூத்தவள் நான்.

ஜூன் 2

கண்ணாடித் தட்டு ஒன்று வந்திருந்தது, பேரீச்சம்பழப் பணியாரத்தோடு. பணியாரத்தை ஆறாம் மாடிக் கிழவருக்குக் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவி, துடைத்து, வெறுமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பிடி சீனி போடலாமா என்று கை போனது. சீனியால்தானே இந்தக் கூத்து என்று விட்டுவிட்டேன்.

ஹனான் தட்டை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். அடியையும் திருப்பிப் பார்த்தாள். "ஓகே" என்றாள்.

நல்ல காரியம்தான் செய்தேன். அவளுக்குச் செலவு மிச்சம்.

ஜூன் 11

ஒன்றும் வரவில்லை.

ஜூன் 19

லிப்டில் ஹனானைக் கண்டேன். நல்ல சட்டை, தோளில் நூலகப் பை. என்னைப் பார்த்து, "குட் மோர்னிங், மிஸஸ் சபாநாதன். ஹவ் ஆர் யூ டுடே?" என்றாள். ஒரு பிழையில்லாமல், டிவியில் வருகிற ஆட்களைப்போல.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. 'நோட் மை ஃபோல்ட்' என்று சொன்னதாக ஒரு ஞாபகம்.

அவளுக்கு இங்கிலிசு வந்துவிட்டது. கமிட்டிக்கு வெற்றி. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன், தலையிடி.

ஜூலை 5

பிரசன்னா போன் எடுத்தான். "அம்மா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். குளிர் என்றேன். ஜூலையில் என்ன குளிர் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஜூலை 13

இன்று இவர் ஒரு திருட்டில் அகப்பட்டார். பின்னேரம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற மனுசன், செருப்பு நனையாமல் வருகிறாரே, வெளியில் மழையாயிற்றே என்று பார்த்தேன். கேட்டால் முழிக்கிறார். இவ்வளவு நாளும் ஒன்பதாம் மாடிக்குப் போய் மர்வானோடு இருந்து கோப்பி குடித்திருக்கிறார்! இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாசையும் இல்லை. சும்மா இருந்து உதைபந்தாட்டம் பார்ப்பார்களாம்.

"சீனி போட்டோ?" என்றேன்.

"அதை விடும். அவை எட்மன்டனுக்குப் போகினம்" என்றார்.

பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்களாம். மச்சானுக்குச் சொல்லியாயிற்றாம். மாதக் கடைசியில் பயணம். ஏனென்று கேட்டேன். "ஹனான் தட்டைக் காட்டினவள்" என்றார்.

"என்ன தட்டு?"

"நீர் குடுத்த வெறுந்தட்டு. அதை அலுமாரிக்கு மேல வைச்சிருக்கினம். பார்க்கிற நேரமெல்லாம் அவளுக்கு அழுகை வருதாம். அக்காவுக்கு எங்களைப் பிடிக்கேல்லை, எங்களோட கதைக்கிறதையும் விட்டிட்டா, தட்டையும் வெறுசாத் தந்திட்டா, இஞ்சை எங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்டவள்."

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? எங்கள் ஊரிலே யாராவது எனக்கு வெறுந்தட்டைத் தந்திருந்தால் நான் படலையை இழுத்து மூடியிருப்பேன். தெரிந்துகொண்டே, நல்லது செய்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் நெஞ்சில் போட்டேனே!

ஜூலை 14

ஆட்டிறைச்சிக் கறி. பெரிய சட்டி நிறைய. தூள் நன்றாக வறுத்தேன்.

ஒன்பதாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் வந்தது, கதவு திறக்கவில்லை. துவாரத்தால் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கமிட்டியாவது கத்தரிக்காயாவது என்று தமிழிலேயே கத்தினேன்.

"ஹனான், கதவைத் திற பிள்ளை! சட்டி கை சுடுது! விழுந்தா நீதான் துடைக்க வேணும்!"

திறந்தாள். கண் வீங்கியிருந்தது. சட்டியை வாங்காமலே தொடங்கினாள்.

"ஏன் அக்கா வெறுந்தட்டுத் தந்தனீங்கள்? நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்? கோவமெண்டா வாயால சொல்லியிருக்கலாம்தானே? நான் உங்களிட்டக் கதைக்கப் பழகினனான், நீங்கள் என்னைக் கொண்டுபோய் டொரதியிட்டக் குடுத்திட்டீங்கள். டொரதி நல்லவ. ஆனா டொரதி என்னைத் திட்டமாட்டா!"

அரபுக்காரி ஒருத்தி என்னை நாக்கைப் பிடுங்குகிறமாதிரி யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறாள். பதில் சொல்லவும் வருகிறது, அழுகையும் வருகிறது, சட்டியும் சுடுகிறது.

"எனக்குக் கோவமில்லையடி. உனக்குச் செலவு எண்டு நினைச்சன். இந்த மனுசனுக்குச் சீனி. நீ இல்லாத குசினியில எனக்கு ஒரு கறியும் சரிவருகுதில்லை. எட்மன்டனுக்குப் போகாதையுங்கோ. நீங்கள் போறது எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டேன். இப்படி நான் பிரசன்னாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அவன் வன்கூவர் போகும்போது, போய்வா, கவனம் என்றுதான் சொன்னேன்.

ஹனான் சட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். "உப்புக் காணாது" என்றாள்.

அதற்குப் பிறகு மர்வான் சொன்னார், ஹனான் மொழிபெயர்த்தாள். மச்சானிடம் ஆகஸ்ட் கடைசிவரை தவணை கேட்கிறாராம். அதற்குள் இன்னொரு வேலை கிடைத்தால் இருக்கலாம். கிடைக்காவிட்டால் போகத்தான் வேண்டும். வேறு வழியில்லை.

ஆகஸ்ட் 9

மாஸ்டர் ஹனானுக்கு மூன்று இடத்தில் வேலை கேட்டார். எல்லா இடத்திலும் இங்கிலிசுச் சான்றிதழ் வேண்டுமாம். ஹனானின் இங்கிலிசில் இப்போது இடையிடையே என் தமிழும் வந்து விழுகிறதாம். டொரதி சாடையாகக் குறை சொன்னாவாம்.

ஆகஸ்ட் 18

எழுத மனமில்லை. மேலே பெட்டிகள் அப்படியே இருக்கின்றன.

ஆகஸ்ட் 23

சந்தியில் இருக்கிற தமிழ்க் கடை யோகன் போன் எடுத்தான். "மலரக்கா, உங்கட வீட்டுப் பக்கத்துப் பிள்ளையோ உது, தலையில துணி கட்டின பிள்ளை?" என்றான். என்ன நடந்ததோ என்று ஓடினேன்.

நடந்தது இதுதான். ஹனான் தனியாகக் கடைக்குப் போயிருக்கிறாள். கத்தரிக்காய்ப் பெட்டியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, கடை நிறையச் சனம் நிற்க, "அண்ணை, இது முந்தநாளையான் காய். தண்ணி தெளிச்சு வைச்சா எங்களுக்குத் தெரியாதோ? சும்மா விளையாடாதேங்கோ!" என்றிருக்கிறாள். கடையே வாயைப் பிளந்து நின்றதாம். எங்கள் சனத்தில் இரண்டு பேர் கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்களாம்.

"அந்தப் பிள்ளைக்கு முன்னால எனக்கு வாய் திறக்க ஏலாது அக்கா. அதுக்கு எதிரில நிக்கிறதைவிட, என்ர பக்கத்தில நிக்க வைச்சாத்தான் எனக்குப் பிழைப்பு" என்றான் யோகன். மரக்கறிப் பகுதிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தானாம். முழுநேர வேலை.

அந்தப் பக்கத்து அரபுச் சனமும் இனி இங்கே வரும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. வரட்டும்.

நான் லிப்டுக்குக் காத்திராமல் படியால் ஏறினேன். ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்கி லிப்டைப் பிடித்தேன்.

ஆகஸ்ட் 31

எட்மன்டன் இல்லை. பெட்டிகளை அவிழ்த்தாயிற்று. இவர் இனிச் சீனியில்லாத கோப்பிதான் குடிப்பேன் என்று மர்வானின் முன்னால் சத்தியம் செய்தார். மர்வானுக்கு விளங்கவில்லை. இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தார்.

ஒக்டோபர் 25

மாஸ்டர் அறிக்கை எழுதிவிட்டார். "பிராந்தியத் தேவையறிந்து எமது குழு வகுத்த மொழிப் பயிற்சித் திட்டம்" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். என் பெயர் இல்லை. பரவாயில்லை, பிழை என்று எழுதியதையும் எடுத்துவிட்டார்.

வருச முடிவுக்குக் கேக் வெட்டுவதாம். "இனிச் சொந்தக் காலில்" என்று எழுதப் போகிறார்களாம்.

எங்களுக்கும் தொண்ணூறில் அப்படி ஒரு கேக் வெட்டினார்கள், எங்களைப் பொறுப்பெடுத்த சேர்ச் ஆட்கள். பெவர்லி என்ற அம்மா என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினா. அடுத்த மாதம் கொழுக்கட்டை அவித்துக்கொண்டு அவவின் வீட்டுக்குப் போனேன். என்னை யாரென்று பிடிபட அவவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வேறொரு குடும்பம் வந்திருந்தது. நல்ல மனுசிதான். கொழுக்கட்டையை வாங்கிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் தந்தா. அவவுக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்?

நவம்பர் 7

கேக் விழா. கத்தியைக் காணவில்லை என்று எல்லாரும் தேடினார்கள். அது என் கைப்பையில் இருந்தது. மாஸ்டர் கடைசியில் கோப்பிக் கரண்டியால் வெட்டினார். கேக்கில் எழுதியிருந்ததில் 'இனிச்' மட்டும் இவருடைய தட்டுக்குப் போனது, மிச்சத்தை ரீம் சாப்பிட்டாள்.

ஹனான் கேக் சாப்பிடவில்லை. கடையில் வேலையாம். எனக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஓடினாள். வருசம் முடிந்தது. மாஸ்டர் கொப்பியைத் திரும்பத் தரச் சொன்னார். நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

மேலே போன சட்டி இன்னும் வரவில்லை.

நவம்பர் 8

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. ஹனான். யோகன் கடைச் சட்டை, கையில் சட்டி. வெறுஞ்சட்டி. வெறுமை மட்டுமா? கழுவவும் இல்லை! போன கிழமைக் கறி பக்கமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"கழுவேல்லை அக்கா. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. நீங்கள் கழுவுங்கோ. பின்னேரம் ரீமைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வாங்கோ. ராவைக்கு எங்களுக்கும் சேர்த்துச் சமையுங்கோ" என்று என் கையில் திணித்துவிட்டு லிப்டுக்கு ஓடினாள்.

விட்டேனா? வாசலில் நின்று, "சோம்பேறி! ஒரு சட்டி கழுவ உனக்குக் கை இல்லையோ? வீட்டுக்கு ராணி எண்டு நினைப்போ?" என்று லிப்ட் கதவு மூடும்வரை கத்தினேன். ஆறாம் மாடிக் கிழவர் உள்ளே நின்று பயந்துபோய்ப் பார்த்தார். ஹனான் சிரித்துக்கொண்டே கீழே போனாள்.

இவர் பேப்பரை விலக்கி, "ஆரோட காலங்காத்தால சண்டை?" என்றார்.

"தங்கச்சியோட" என்றேன்.

மாஸ்டரிடம் கொப்பி கொடுக்க முடியாது. முழுக்கச் சொந்தக் கதை. சட்டியை ஊறப் போட்டிருக்கிறேன்.